மெட்ராஸ் ஐ இல்லை, குழந்தையைக் கொடுக்கலாம்

கணபதியிலிருந்து,
வியாழன் மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமுள்ள என் தங்கை ஷைலாவுக்கு அக்கா ஜெபமணி எழுதுவது. நீயும், நிதீஷ் தம்பியும், குழந்தை மேக்னாவும், உன் மாமனார் அங்கப்பன் ஐயாவும், மாமியார் சென்னியம்மாளும் குறைவில்லாமல் இருக்க ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித்தான் தினமும் ஜெபிக்கிறேன். இங்கே ஆண்டவர் கிருபையால் நானும் உன் மாமாவும் முழுச் சுகம், என் இரண்டு கண்கள் தவிர.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ வீட்டை விட்டுப் போன வருசம், இனிமேல் உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று உன் மாமாவுக்கு வாக்குக் கொடுத்தேன். எழுதக்கூடாது என்று அவரும் கேட்கவில்லை, எழுதமாட்டேன் என்று நானும் சொல்லவில்லை. பார்க்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதனால் பக்கத்து வீட்டுப் புவனா உன் ஸ்டேட்டஸை அவள் போனில் காட்டும்போது நான் கண்ணாரப் பார்க்கிறேன். மேக்னா தென்னை ஓலையை இழுத்துக்கொண்டு ஓடுகிற படத்தைப் பார்த்து, நடக்கவே ஆரம்பித்துவிட்டாளா, ஒருநாள்கூட நான் தூக்கவில்லையே என்று அடுப்பை மறந்து நின்றதில் பருப்பு அடிப்பிடித்தது. அன்றைக்கு உன் மாமா அதை அப்படியே சாப்பிட்டு முடித்தார்.

விஷயம் இதுதான். பொங்கல் கழிந்ததிலிருந்து என் கண் இரண்டும் சிவந்து, இமை வீங்கி, நீராய்க் கொட்டுகிறது. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு, கசக்கினால் சுகமாயிருக்கும், கையை எடுத்ததும் முன்னைவிட அதிகமாய் அரிக்கும். புவனா பார்த்ததுமே, "அக்கா, இது மெட்ராஸ் ஐ தானுங்கக்கா, என்னைப் பாக்காதீங்க" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டி, போன வருசம் அவள் வீட்டுக்காரர் கண்ணையாவுக்கு வாங்கிய சொட்டு மருந்தில் மிச்சம் இருந்ததைக் கொடுத்தாள். வீணாக்கக்கூடாதே என்று நானும் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது போலிருந்தது, பிறகு கண் நெருப்பாய் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இருக்க முடியுமா, புவனா மகன் பைக் ஓட்டும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். பெஞ்சில் ஜெனிதா அக்கா அந்தக் கோடிக்கு நகர்ந்து, நடுவில் தன் கைப்பையை வைத்தார்கள், அதன் மேல் வேதப்புத்தகத்தையும் வைத்தார்கள். திருவிருந்துக்கு நான் எழுந்தேனோ இல்லையோ, எனக்குப் பின்னால் யாரும் அந்த ஒரே திராட்சரசக் கிண்ணத்தில் வாய் வைக்க வேண்டியிராதபடிக்கு மொத்தச் சபையும் எனக்கு முன்னால் போய் நின்றது. இவ்வளவு ஆவலாய் நம் ஜனங்கள் திருவிருந்துக்கு ஓடி நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து வீட்டில். காலையில் நான் உன் அறையில்தான் ஜெபம் பண்ணுவேன். முழங்கால் போட்டு, உன் கட்டிலில் முகத்தைப் புதைத்து, முடித்து வெளியே வரும்போது கண் கோவைப்பழமாய் இருக்கும். உன் மாமா லேத் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டே என்னைப் பார்ப்பார். "அரிக்குதுங்க" என்பேன். "செரி செரி, அரிக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாயந்தரம் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வந்து மேசையில் வைப்பார். நான் உன்னை நினைத்துத்தான் அழுகிறேன் என்று அவர் முடிவு பண்ணிவிட்டார் என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. நேற்றுக் காலை செருப்பை மாட்டிக்கொண்டே, தெருவைப் பார்த்து, "அழுவாத ஜெபா. ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சதும் கெணத்துக்கடவு போயிட்டு வந்தர்லாம்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று நானும் தெருவைப் பார்த்தேன். அங்கே யாருமில்லை கண்ணு, என்னிடம்தான் சொன்னார்!

உனக்கே தெரியும், அவரை நான் குறை சொல்லமாட்டேன். நம் அப்பா போனபின் உன்னைப் படிக்கவைத்தவர் அவர். அவர் பார்த்த மாப்பிள்ளைக்குச் சபையில் கல்யாண அறிவிப்பு முதல் ஞாயிறு வாசித்து, அடுத்த ஞாயிறு வாசிப்பதற்குள் நீ நிதீஷ் தம்பியோடு போய்விட்டாய். போதகர் எழுந்து, "சென்ற வாரம் வாசித்த அறிவிப்பு வாபஸ்" என்றபோது, சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது அவரைத்தான். அந்த மனுசன் வாயிலிருந்து உன் ஊர்ப் பெயர் வந்திருக்கிறது. நான் உள்ளே போய் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

இன்றைக்குக் காலையில்தான் புவனாவோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அக்ஷிதா என்று சின்னப் பெண். "அரிக்குதுங்களாம்மா, வலிக்குதுங்களா?" என்று கேட்டது. அரிப்புத்தான் என்றேன். "காலைல எந்திரிக்கறப்ப பீளை கட்டி இமை ஒட்டிக்குதா?" இல்லை, வெறும் தண்ணீர்தான் என்றேன். "அப்ப இது மெட்ராஸ் ஐ இல்லீங்க, அலர்ஜி. யாருக்கும் ஒட்டாது" என்றது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த புவனா அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எப்போதெல்லாம் அரிக்கிறது என்று டாக்டர் கேட்டது. நான்தான் பால் கணக்குப் போல எதையும் குறித்து வைக்கிறவளாயிற்றே, காலை ஜெபம் முடிந்ததும்தான் என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

"ஜெபம் எங்க பண்ணுவீங்க?"

"தங்கச்சி தலகாணியில மொகத்த வெச்சுங்க."

"பஞ்சுத் தலகாணியா? எப்பத் தொவச்சீங்க?"

"அவ போனதுலேர்ந்து தொவைக்கலீங்க. அவ எண்ணெ வாசம் போயிருமுங்க."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னது, பழைய பஞ்சிலே கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் குடித்தனம் நடத்துமாம், நம் மேலிருந்து உதிர்கிற தோல்தான் அதுகளுக்குச் சாப்பாடாம், அதுகளின் அழுக்குப் பட்டுத்தான் என் கண் இந்தப் பாடு படுகிறதாம். அந்தத் தலையணையை எடுத்துவிட வேண்டும், உறை, போர்வையெல்லாம் வாரம் ஒருதரம் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும், கண்ணைக் கசக்கவே கூடாது, அரித்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை மூடிய கண்ணின் மேல் வைக்க வேண்டும். ஒருவர் திறந்த சொட்டு மருந்தை இன்னொருவர் தொடவே கூடாது, சில மருந்து சிவப்பை மட்டும் குறைத்துவிட்டு உள்ளே பார்வையைக் கெடுத்துவிடும் என்று புவனாவுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. புதுச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, காலையும் இரவும் போட்டால் கண் சீக்கிரம் தெளிந்துவிடும் என்றது.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மருந்தைப் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கண் வெளுத்துவிடும். அழுகை நின்றுவிட்டது, இனி எதற்குக் கிணத்துக்கடவு என்று உன் மாமா செருப்பைக் கழற்றிவிட்டால்? சரி, போடாமலே வருகிறேன் என்றால், இந்தக் கண்ணோடு நான் உங்கள் வாசலில் வந்து இறங்கினால் உன் மாமியார் மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போகமாட்டார்களா? நானாயிருந்தாலும் அதைத்தான் செய்வேன். அவ்வளவு தூரம் வந்து, மேக்னாவைக் கதவு இடுக்கில் பார்த்துவிட்டுத் திரும்ப என்னால் ஆகாது ஷைலா. மருந்தை இன்னும் திறக்கவில்லை. இப்படி அவரை நம்பவைப்பது பொய்யா என்று ஆண்டவரிடம் கேட்டேன். பதில் வருவதற்குள் அரிப்பு வந்துவிட்டது.

ஆகையால், மேலே டாக்டர் சொன்னதையெல்லாம் விடாமல் எழுதியிருக்கிறேன், சென்னியம்மாளுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு. பீளை கிடையாது, ஒட்டாது, கை கழுவிவிட்டுத்தான் தூக்குவேன், முத்தம்கூடக் கேட்கமாட்டேன், கொஞ்ச நேரம் இடுப்பில் வைத்துக்கொண்டால் போதும். உன் மாமாவிடம் மட்டும் அலர்ஜி என்ற சொல்லை எடுக்காதே. நான் உனக்காக அழுததாகவே இருக்கட்டும், அதிலும் பொய் கொஞ்சம்தான். இன்னொன்று, உன் தலையணையை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று ஆகிவிட்டது. நீ இப்போது தலைவைத்துப் படுக்கிற உறை ஒன்று இருந்தால் எடுத்து வை. துவைத்ததே போதும்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். நிதீஷ் தம்பிக்கு எங்கள் ஆசி. மேக்னாவின் காலடியைக் கர்த்தர் கல்லிலும் முள்ளிலும் படாமல் காப்பாராக. கண்ணையா தேங்காய் லோடு ஏற்ற நாளைக்கு அந்தப் பக்கம் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வராதே என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே.

அன்பு அக்கா,
ஜெபமணி தேவதாஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் டாக்டர் சொன்னதை மட்டும் வாசித்துக் காட்டு, உன் மாமாவிடம் ஒளிக்க இனி ஒன்றுமில்லை. கடிதத்தை மடிக்கும்போதே உன் மாமா சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். "என்ன எழுதறே?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கை கழுவிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்படிங்க தெரியும்?"

"அழுவறவ எவளாச்சும் ரெண்டு கையிலயும் கண்ணப் போட்டுக் கசக்கிட்டு, அரிக்குது அரிக்குதுன்னு ஊடு பூராச் சுத்துவாளா?"

"அப்பறம் எதுக்குங்க கெணத்துக்கடவு போலாம்னீங்க?"

மருந்துப் புட்டியை எடுத்து, அதிலிருந்த பொடி எழுத்தையெல்லாம் ரொம்ப நேரம் படித்தார். "அத்தன பேசிப்போட்டு, எனக்கு அந்தப் புள்ளயப் பாக்கோணும்னு நானா எப்படிச் சொல்றது? நீ அழுவறேன்னு சொன்னாத்தான ஆச்சு" என்றார். பிறகு, "தலையத் தூக்கு. ஆடாத" என்று என் தாடையைப் பிடித்துக்கொண்டு சொட்டு விட்டார். மறு நிமிடமே, "இப்ப எதுக்கு அழுவறே? ஊத்துனது பூராக் கன்னத்துல போகுது பாரு" என்று சத்தம் போட்டார்.

மூன்று தரம் ஊற்றிப் பார்த்தார் கண்ணு. ஒரு சொட்டும் உள்ளே நிற்கவில்லை.