துலுக்காணத்தின் ஓசி அலை

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதில்லை என்று துலுக்காணம் முடிவெடுத்தான். அதற்காக அவன் சாமியாராகவில்லை. கயாக் வீரன் ஆனான்.

ஞாயிறு வந்தால் சம்பூர்ணம் வேலை சொல்லுவாள். ஃபேன் துடை. தண்ணி டேங்க் கழுவு. ஒட்டடை அடி. மீன் வாங்கி வா. வாங்கி வந்தது நல்லா இல்லை, மாத்தி வா. ஆறு நாள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஏழாவது நாளும் வேலை செய்தால் சாமிக்கே அடுக்குமா? இது அவன் கேள்வி. சம்பூர்ணம் ஏழு நாளும் வேலை செய்கிறாளே, அது மட்டும் அடுக்குமா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு கயாக் கிளப் இருந்தது. போய்ச் சேர்ந்தான். முருங்கைக்காய் மாதிரி நீளமாக, ஒல்லியாக ஒரு படகைக் கொடுத்தார்கள். அதில் காலை நீட்டி உட்கார்ந்து, ரெண்டு முனையிலும் தட்டை வைத்த துடுப்பால் இடது வலது என்று மாத்தி மாத்தித் தள்ள வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் தள்ள வேண்டும். நடுவில் கரையேறி, படகைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடி, மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும். இதுதான் மாரத்தான் கயாக்.

"படகு நம்மளத் தூக்கிக்கினு போவுதா, நாம படகத் தூக்கிக்கினு போறோமா?" என்று முதல் நாளே கேட்டான்.

"ரெண்டும்தாண்ணா," என்றாள் கோச் கிறிஸ்டினா.

முதல் மாதம் அவன் படகில் இருந்ததைவிட ஏரிக்குள் இருந்ததுதான் அதிகம். ஏரியில் உள்ள இறாலுக்கெல்லாம் அவன் முகம் பழகிவிட்டது. அதற்கப்புறம் ஒருவழியாக உட்கார வந்தது. உட்கார வந்ததும் கிறிஸ்டினா ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தாள்.

"முன்னாடி போற படகு தண்ணியக் கிழிக்கும்போது பின்னாடி ரெண்டு பக்கமும் அலை எழும்புதில்ல? அந்த அலை மேல உங்க படகு மூக்க வச்சிக்கோங்க. அதுவே உங்கள இழுத்துக்கினு போவும். முன்னாடி போறவருக்கு நாக்கு தள்ளும். உங்களுக்குத் தெம்பு மிச்சம். கடைசியில அந்தத் தெம்ப வச்சி அவர முந்திடலாம்."

"தப்பில்லையாம்மா?"

"ரூல்லயே இருக்குண்ணா."

துலுக்காணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தவன் உழைப்பில் உட்கார்ந்து போய், கடைசியில் மெடலும் வாங்கலாம். இப்படி ஒரு விளையாட்டு இருப்பது இத்தனை வயசு வரைக்கும் தெரியாமல் போச்சே! அதற்கு அவனே ஒரு பேர் வைத்தான். ஓசி அலை.

இந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தவனிடம் சம்பூர்ணம் ஒரு சேதி சொன்னாள்.

"ஒரு கம்பெனியில வேலைக்கு சேரச் சொல்லிட்டாங்க. பேக்கிங் செக்சன் சூப்பர்வைசர். ஃபர்ஸ்ட் ஷிப்ட். அடுத்த மாசம் ரெண்டாவது திங்கக்கிழமை. பஸ்ஸு நம்ம புதுவாயல் கூட்ரோட்டுக்கே வருது."

"யாருக்கு?"

"எதிரூட்டுப் பூனைக்கு. எனக்குத்தான்யா!"

"நீ விடியக்காலம் போய்ட்டா நாஷ்டா யாரு செய்வா?"

"கை கால் இருக்கறவங்க யாரு வேணா செய்யலாம்."

"புள்ளைங்கள யாரு ஸ்கூலுக்கு அனுப்புவா?"

"பெத்தவங்க. நான் ஒருத்தி மட்டுமா பெத்தேன்?"

"இன்னாமே பேஜார் பண்ற! பொம்பள வேலைக்குப் போயி ஆம்பள அடுப்புகிட்ட நின்னா ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு அதும் ஊட்டு நாஷ்டாவத் துன்னுட்டு அதும் வேலையப் பாக்கும்."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மாத்திரை பாட்டில் பேக்டரியில் இருந்தாள். ஒரு லைனுக்கே லீடர். 'கொஞ்ச நாள் வீட்ல இரு' என்று துலுக்காணம்தான் நிறுத்தினான். அந்தக் கொஞ்ச நாள் பதினாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை விட்டால் வயசு தாண்டிவிடும். அப்புறம் எந்த கேட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் இழுத்தடித்தான்.

சண்டை வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டுப் பூவம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே பாவாடையை எடுத்து எடுத்துத் திரும்பக் காயப்போட்டாள்.

ஆட்கள் பார்க்கிறார்கள் என்றால் துலுக்காணத்துக்கு வாய் நீளும். நீண்டது.

"அடுத்த மாசம் ஏரியில ரேஸு. அதுல என்னைய ஜெயிச்சிக் காட்டு. அப்புறம் நீ வேலைக்குப் போ. நானே நாஷ்டா செஞ்சி, டப்பா கட்டித் தரேன்!"

கிண்டலுக்குத்தான் சொன்னான்.

"தோத்தா?"

"வேலைன்ற பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி," என்றாள் சம்பூர்ணம். "பூவம்மா, கேட்டுக்கினியா?"

"தெருவே கேட்டுச்சி அண்ணி."

மறுநாளே சம்பூர்ணம் கிளப்பில் போய் நின்றாள். அவள் ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அப்பாவோடு படகேறி வலை இழுத்தவள். ஆனாலும் இந்த முருங்கைக்காய் அவளையும் தூக்கித் தண்ணீரில் போட்டது.

"நான் வளந்த படகுல எருமை ஏறினாலும் அசையாது. இது நான் தும்முனாலே கவுறுது," என்று வாயில் புகுந்த தண்ணியைத் துப்பினாள்.

வேலை விட்டு வந்த துலுக்காணம் கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான், அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்தில் அவளுக்கு உட்கார வந்துவிட்டது. அதைப் பார்க்க அவன் சிரிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டில் வடை போட்டு, சாம்பாரை ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "நீ இன்னாவோ வித்தை கத்துக்கினியாமே? கிறிஸ்டினா பொண்ணு சொல்லிச்சி. எனக்குத்தான் மண்டையில ஏறல. நீ சொல்லேன், உனுக்குதான் அறிவு ஜாஸ்தி."

எதிரியிடம் ரகசியத்தைச் சொல்லலாமா? சொல்லக் கூடாது. ஆனால் அறிவு ஜாஸ்தி என்று பதினாலு வருஷத்தில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சாம்பாரில் ஒரு வடையை முன்னால் விட்டு, இன்னொரு வடையைப் பின்னால் விட்டு, ஓசி அலையை முழுசாக விளக்கினான்.

"அப்போ முன்னாடி போறவன் முட்டாளா?"

"சுத்த முட்டாள்," என்று முன்வடையை எடுத்துக் கடித்தான்.

அவன் கணக்கு இதுதான். கடைக்கோ கல்யாணத்துக்கோ, பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கோ, எங்கே போனாலும் சம்பூர்ணம்தான் முன்னால் வேகமாக நடப்பாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான். ஏரியிலும் அப்படித்தான் பாய்வாள். பாயட்டும். அவள் அலையில் உட்கார்ந்து போய், கடைசியில் ஒரே தாண்டு. வேலையும் கிடையாது, கீலையும் கிடையாது.

ரேஸ் அன்று காலையில் கரைக்குப் போனவன் அசந்துபோனான். புதுவாயல் தெரு மொத்தமும் மினி லாரியில் வந்து இறங்கியிருந்தது. அவன் பேக்டரி ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பெரிய பெரிய அண்டாவில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

'நம்மளப் பாக்கவா இவ்ளோ கூட்டம்!' துலுக்காணம் தலைக்கு மேல் துடுப்பைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் விசில் அடித்தது. நெஞ்சு நிமிர்ந்ததில் தொப்பைகூடக் கொஞ்சம் உள்ளே போனது.

விசில் ஊதினார்கள். படகெல்லாம் பாய்ந்தது. துலுக்காணம் வேண்டுமென்றே சம்பூர்ணத்தை முன்னால் விட்டு, அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டான்.

ஆனால் சம்பூர்ணம் பாயவில்லை. பூப்பறிக்கப் போகிறவள் மாதிரி போனாள். அலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மத்த படகெல்லாம் தூரத்தில் கொக்கு மாதிரி சின்னதாகிவிட்டன.

கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் துலுக்காணம்! ஊட்லதான் பொண்டாட்டி பின்னாடி போறன்னா, ஏரியிலயுமாடா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பல்லைக் கடித்துக்கொண்டான். கரையைத் தாண்டிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? நடு ஏரியில் நாரைதான் பார்க்கும்.

அப்போது பாதுகாப்புக்கு வரும் மோட்டார் படகு பக்கத்தில் வந்தது. ஓட்டியது சம்பூர்ணத்தின் தம்பி சின்னராசு. உள்ளே பூவம்மாள். ஒரு கையில் போன், ஒரு கையில் மைக்.

"வணக்கம் சிப்காட் மக்களே! நம்ம துலுக்காணம் அண்ணன் அண்ணி முந்தானையப் புடிச்சிக்கினு பத்திரமா போய்க்கினுகிறாரு!"

"ஏமே! அத்த அணைமே!"

"லைவுண்ணே! உங்க கேன்டீன் டிவியில போட்டுக்கிறாங்க. இன்னிக்கி டூட்டியில கிறவங்க எல்லாம் பாக்கறாங்க. மேனேஜரு கை தட்றாரு, பாருங்க!"

மேனேஜரா? துலுக்காணத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாலு இழுப்பு இழுத்தான். சம்பூர்ணத்தைத் தாண்டி முன்னால் வந்தான். "அண்ணன் சிங்கம்டா!" என்று மைக் அலறியது. கரை விசில் அடித்தது. ஆகா.

ஆகா கொஞ்ச நேரம்தான். பின்னால் 'சளக், சளக்' என்று சத்தம் கேட்டது. திரும்பினான். அவன் இடுப்புக்கு ஒரு சாண் பின்னால், அவன் படகு கிளப்பிய அலை மேல், சம்பூர்ணத்தின் படகு மூக்கு ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. அவள் துடுப்பைச் சும்மா தொட்டுத் தொட்டு எடுத்தாள்.

"ஏமே, நீ முன்னாடி போ!"

"வேணாம்யா. நீதான குடும்பத் தலைவன். நீ போ."

வேகத்தைக் குறைத்தான். அவளும் குறைத்தாள். "அய்யய்யோ, அண்ணனுக்கு மூச்சு வாங்குது போலகிது!" என்றது மைக். வேகத்தைக் கூட்டினான். அவளும் வந்தாள். இடது பக்கம் வெட்டினான். அவளும் வெட்டினாள். நின்றால் மானம் போகும். போனால் தெம்பு போகும். ஒரு பெண் பின்னால் போகிறான் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே! அந்த ஒரே பயத்தில் ஏரி முழுக்க அவளை இழுத்துக்கொண்டு போனான். நாலு பேர் சொல்லாமல் இருப்பதற்காக ஆம்பளைகள் செய்கிற வேலையில் இதுதான் கொஞ்சம் பிரயோஜனமானது.

கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடம் வந்தது. இறங்கினான். முட்டி வரைக்கும் சேறு. கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. படகைத் தோளில் ஏற்றினால் படகு அவனைக் கீழே இறக்கியது. சம்பூர்ணம் தன் படகைத் தண்ணிக்குடம் மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவனைத் தாண்டி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நின்றாள்.

"பாத்துயா. முட்டி பத்திரம்."

"பாருங்க மக்களே! புருசனுக்காக நிக்கிறாங்க அண்ணி!" மைக் தழுதழுத்தது. கரையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினாள்.

அவள் எதற்கு நிற்கிறாள் என்று துலுக்காணம் ஒருவனுக்குத்தான் தெரியும். யாரிடம் சொல்லுவான்? அவன் ஏறிப் புறப்பட்டதும் அவள் ஏறி, அதே இடத்தில், அதே அலையில் வந்து உட்கார்ந்தாள்.

முடிகிற இடத்தில் சிவப்புக் கொடி தெரிந்தது. துலுக்காணத்தின் கை ரெண்டும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்காக இருந்தது. அப்போது பக்கத்தில் ஒரு படகு வந்தது. வியர்க்காத முகத்தோடு சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ தூரம் இட்டுக்கினு வந்ததுக்கு தேங்க்ஸ்யா. கிளம்பறேன்."

கிளம்பினாள். அப்போதுதான் பாய்ந்தாள்.

கரையேறியதும் துலுக்காணம் நேராகக் கிறிஸ்டினாவிடம் போனான். "இது செல்லாதும்மா! வழி முழுக்க என் அலையில ஓசியில வந்தா!"

கிறிஸ்டினா வாய் திறப்பதற்குள் சம்பூர்ணம் பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஆமா, வந்தேன். ஒரு நாள் வந்தேன். பதினாலு வருசமா முன்னாடி நின்னு நான் இழுத்தேன், பின்னாடி உக்காந்துக்கினு நீ வந்தே. நான் யார்கிட்டயாவது போயி செல்லாதுன்னு சொன்னனா?"

பூவம்மாள்கூட மைக்கைக் கீழே இறக்கினாள்.

துலுக்காணம் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் ஒதுங்கினான். அங்கே அவன் பேக்டரி நண்பன் பீட்டர் மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ரேஸில் கரையிலிருந்து முதலில் கத்தியது இவன் குரல்தான்.

"ஏன்டா பீட்டரு, நீயுமாடா என்னைய அப்படி கத்துவ?"

"இன்னா பண்றதுண்ணே? அண்ணிதான் எல்லாரையும் கூப்புட்டாங்க. சாப்பாடும் அவங்கதான். கத்தறவனுக்கு மொதப் பந்தின்னாங்க," என்றான் பீட்டர். "லைவ் போட்டதும் அவங்க ஐடியாதான். மேனேஜரு இன்னிக்கு லீவுண்ணே, டிவி முன்னால கேன்டீன் பூனைகூட இல்ல."

திங்கட்கிழமை விடிவதற்கு முன் புதுவாயல் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகச் சம்பூர்ணம் ஏறி உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தபோது துலுக்காணம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். தலையில் மாவு, மூக்கில் கரி, கையில் டப்பா. டிரைவர் பிரேக் போட்டார். மூச்சு இரைக்க ஜன்னல் வழியாக டப்பாவை நீட்டினான்.

பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "யாருக்கா அது?"

சம்பூர்ணம் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். மூடினாள்.

"எங்க ஊட்டு ஆளுதான். இன்னிக்குத்தான் வேலைக்கு சேந்துக்கிறாரு. போவப் போவ கத்துக்குவாரு."