ஓத்திலி வெட்டிய சட்டைக் கை

புருஷன் ஏமிலின் வெள்ளைச் சட்டையின் கையை ஓத்திலி கத்தரித்தபோது, சட்டைக்குள் ஏமில் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"அது கல்யாணச் சட்டைடி."

"கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே."

வம்பு மாடிவீட்டுப் பால்டாசரால் வந்தது. ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். கடையில் போட்ட வெள்ளைக் கோட்டை இன்னமும் பீரோவில் சாமி மாதிரி வைத்திருப்பவர்.

பட்டை, கிராம்பு ஊறிய ஹிப்போக்ராஸ் மதுவைப் புத்தாண்டுக் காலையில் நீரூற்றடியில் ஊற்றிக் குடிப்பது எங்கள் பாசல் நகர வழக்கம். எங்கள் தெருவுக்குக் கரண்டி பிடித்து ஊற்றுபவள் ஓத்திலி. மதுவை வடிக்கும் கூம்புத் துணிக்கு 'ஹிப்போக்ரட்டீசின் சட்டைக் கை' என்று பேர், மதுவுக்குப் பேர் வந்ததே அந்தத் துணியால்தான் என்று ஊற்றும்போதெல்லாம் சொல்வாள்.

"ஹிப்போக்ரட்டீஸ் எவ்வளவு பெரிய வைத்தியர். அவரே கண்டுபிடிச்ச மருந்தும்மா இது," என்றார் பால்டாசர், தெருவே கேட்க. "சட்டைக் கையில வடிச்சா அழுக்குத் தண்ணிதான் வரும்."

"நிஜச் சட்டைக் கையிலயே வடிச்சுக் காட்டறேன். தெளியலைன்னா இனிமே கரண்டியை நீங்களே வச்சுக்குங்க."

கரண்டி போனால் தெருவில் அவள் வெறும் கீழ்வீட்டுக்காரி.

கல்யாணச் சட்டையில் கஞ்சி இருந்தது. மது பால் விட்டதுபோல் கலங்கியது. கம்பளி உள்சட்டையின் கையில் மறுபடி வடித்தாள். கலங்கல் போகாமல், கூடவே பஞ்சும் மிதந்தது. பஞ்சை எடுக்கத் தன் நீலப் பட்டு ரவிக்கையின் கையை வெட்டினாள். பஞ்சு போயிற்று. சாயம் வந்தது.

"பேசாம ஒரு வடிகட்டி வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் ஏமில்.

"வாங்கிட்டு வாங்க. முதல்ல உங்களை வடிக்கிறேன்."

புத்தாண்டுக் காலை. உறையும் குளிரில் ஒரு கை இல்லாத அதே நீல ரவிக்கையோடு வந்து நின்றாள் ஓத்திலி. பானையில் இருந்ததைப் பார்த்துவிட்டு ஒருவரும் கோப்பையை நீட்டவில்லை. நானும்தான். அவளே ஒரு கோப்பை ஊற்றி, முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"கலங்கினாலும் பேரு துணியோட பேருதான்."

பால்டாசர் தன் பாட்டிலைத் திறந்தார். மாணிக்கம் மாதிரித் தெளிவு. "எங்க வீட்டுல மார்லிஸ் வருஷா வருஷம் செய்யறது. சுத்தமான வைத்தியர் முறை. சட்டையும் கிடையாது, கையும் கிடையாது. கரண்டியைக் கொடுங்கம்மா."

ஓத்திலி நிமிர்ந்த தலை குனியாமல் கரண்டியை நீட்டினாள். புருஷன் பேசும்போது வாயே திறக்காத மார்லிஸ், மென்றுகொண்டிருந்த பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, கரண்டியை வாங்கி ஓத்திலியின் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"வீட்டுக்குப் போனதும் அந்த வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்க," என்றாள் புருஷனிடம். "இடது கை இருக்காது."