முனைவர் மூழ்கிய இடத்தில் ஓர் அடிக்குறிப்பு

பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டுக்கொண்டு, அடுத்தவர் எழுதியதைப் படிக்காமலே அழிக்கும் ஓர் இனம் உண்டு. அதை நான் முதலில் சந்தித்தது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில். மினசோட்டாவில் உருளைக்கிழங்கு போடும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவன் நான். அந்த வாரம்தான் என் பட்டத்தை அங்கே என் அறிமுகப் பக்கத்தில் ஏற்றியிருந்தேன். முனைவர் ப்ரெஸ்டன் அக்லண்டின் பக்கத்தைப் பார்த்ததும் பக்தியே வந்துவிட்டது. மூன்று பட்டங்கள்! பழங்கால மணிக்கூண்டுகளில் ஆராய்ச்சி.

மணிக்கூண்டுக்காரருக்கு எங்கள் ஊர் ஏரியைப் பற்றிய கட்டுரையில் என்ன வேலை என்கிறீர்களா? இந்த இனத்துக்கு எங்கேதான் வேலை இல்லை? சுறாவோ சூப்போ, 'முனைவர் என்ற முறையில்' என்றுதான் வாக்கியம் தொடங்கும். ஆதாரம் கேட்டால் பட்டத்தைக் காட்டுவார். பட்டமில்லாதவர் எழுதினால் ஆதாரம் கேட்பார்.

டார்லா கிவேலா அகப்பட்டது அப்படித்தான். பனிக்காலத்தில் உறைந்த ஏரிமேல் ஓட்டிப்போய் அமிழும் வண்டிகளைச் சங்கிலி போட்டுக் கரையேற்றுவது அவர் தொழில். முந்தின வருஷம் ஏரியின் வடக்குக் குடாவில், அமிழ்ந்த காரின் கண்ணாடியை உடைத்து ஒரு குடும்பத்தையே வெளியே எடுத்தவர். 'அங்கே அடியில் ஊற்று இருக்கிறது, ஜனவரியிலும் பனிப்பாளம் மெலிசு, வண்டி ஓட்டாதீர்கள்' என்று ஏரிக் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தார். நாலே நிமிஷம். வரி போயிற்று.

"அம்மணி, நீங்க எந்தக் காலேஜ்?" என்று கேட்டிருந்தார் முனைவர்.

"காலேஜ் இல்லைங்க. இழுவை வண்டி."

"அச்சுல வந்த ஆதாரம் வேணும். நீங்க இழுத்ததெல்லாம் ஆதாரம் ஆகாது."

ஏரி முழுக்கக் கெட்டிப் பனி என்பதற்கு அவரிடம் அச்சு ஆதாரம் இருந்தது, ஒரு சுற்றுலாப் பத்திரிகை. அது அந்தச் சேதியை எடுத்ததே இவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான். வாக்கெடுப்பில் நான் முனைவர் பக்கம் கை தூக்கினேன். பட்டதாரியைப் பட்டதாரி விட்டுக்கொடுப்பதா?

ஜனவரியில் ஏரிப் பனிமேல் மீன்பிடி விழா. தன் கட்டுரையை நம்பி முனைவர் வடக்குக் குடாவில் வண்டியை விட்டார். முன்பாதி உள்ளே போயிற்று. அவர் கூரைமேல் ஏறி நின்றார். டார்லா வந்து முதலில் அவரை இறக்கினார், பிறகு சங்கிலியை மாட்டினார். முனைவர் என்ற முறையில் சொல்வதாகவும், சங்கிலியைச் சற்று இடப்பக்கம் மாட்டலாம் என்றும் பல் தந்தியடிக்க அவரிடமிருந்து ஒரு யோசனை வந்தது.

"டாக்டரே, வண்டி உள்ள போனதுக்கு இது போதுமா, இல்ல அச்சுல வரணுமா?"

அச்சில் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில், முதல் பக்கத்தில், படத்தோடு. டார்லா தன் வரியை மறுபடி சேர்த்து, அந்தச் செய்தியை அடிக்குறிப்பாகப் போட்டார். இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை.

என் பட்டமா? அறிமுகப் பக்கத்தில்தான் இருக்கிறது, பாடுபட்டு வாங்கியதாயிற்றே. இதையெல்லாம் எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நடுவில் எங்காவது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், வடக்குக் குடாப் பக்கம் வண்டியை விடாதீர்கள்.

முனைவர் அக்லண்ட் இப்போது தேனீ வளர்ப்புக் கட்டுரையில் இருக்கிறார்.