ஆமாம் போடும் பேய்

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் ஒரு கலியாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே எந்தக் கலியாணத்துக்கும் சேராத கூட்டம். வயதானவர்களுக்கு வரும் மறதி நோயில்லையாம், செய்வினையாம். நினைவானந்த சுவாமிகள் வேப்பிலையால் ஒரு போடு போட்டால், வைத்தவர் பெயரை உள்ளே புகுந்த பேயே சொல்லிவிடுமாம். மூளையைப் படமெடுக்கும் மெஷினுக்கும் இல்லாத திறமை!

வரிசையில் மாமியாரின் கையைப் பிடித்தபடி நின்றாள் ஞானேஸ்வரி. நின்றபடியே தூங்கினாள் என்பதே சரி. மாமியார் கஜலட்சுமி, எப்போதோ விற்றுவிட்ட பசுவைத் தேடி இரவெல்லாம் கதவைத் தட்டுவார். குளிக்கக் கூப்பிட்டால் அடிப்பார். அத்தனையும் மருமகள் பாடு. மாதமொருமுறை கம்பளையிலிருந்து வந்து ஆலோசனை வழங்குவது நாத்தனார் நிரோஷினியின் பாடு. சாமியாரும் அவள் ஆலோசனைதான். தங்கச்சி கண்கலங்கினால் ஞானேஸ்வரியின் கணவன் கிருஷ்ணராஜுக்கு மறுபேச்சுக் கிடையாது. அண்ணனும் தங்கச்சியும் கூடவே வந்திருந்தார்கள்.

முறை வந்தது. வேப்பிலை விழுந்தது.

"சொல்லு! உன்ன ஏவுனது மருமக ஞானேஸ்வரிதானே?"

"ஆமாங்க," என்றார் கஜலட்சுமி.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டோக்கன் கொடுத்தவன் நிரோஷினியிடம் வீட்டுக் கதையெல்லாம் பேச்சோடு பேச்சாகக் கறந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. மறதி யாருக்கோ!

"மாத்திரைய நிறுத்துங்க. மருமகள தாய்வீட்டுக்கு அனுப்புங்க. அம்மா இங்கேயே இருக்கட்டும்," என்றார் சாமியார்.

இங்கேயே என்றால் பின்னறை. அங்கே இரண்டு கிழவர்கள் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்ததை ஞானேஸ்வரி வரும்போதே பார்த்திருந்தாள். கிருஷ்ணராஜ் மனைவியை ஒரு மாதிரி பார்த்தான். அவளுக்குத் தூக்கம் பறந்தது.

"சாமி, பேய்கிட்ட நானும் ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா, கேளு!" என்றது கூட்டம். சாமியாரால் மறுக்க முடியவில்லை.

"அத்தே, நம்ம பசுவ களவாண்டது இந்தச் சாமிதானே?"

கஜலட்சுமி சாமியாரை நன்றாக உற்றுப் பார்த்தார். "ஆமா. இவன்தான்."

"தாடியும் ஒட்டுத் தாடிதானே?"

"ஆமா ஆமா."

"பேய் பொய் சொல்லுது!" என்று கத்தினார் சாமியார்.

"அப்ப மருமக பேரச் சொன்னது வேற பேயா சாமி?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல," என்றாள் ஞானேஸ்வரி. "அத்தைக்குக் கேக்குறது விளங்குறதில்ல. யாரு என்ன கேட்டாலும் மரியாதைக்கு ஆமா போட்டுருவாங்க. பேரை நீங்க எடுத்துக் குடுக்காம, யாரு ஏவுனதுன்னு மட்டும் கேளுங்க பாப்போம்."

வேறு வழியில்லை. "யாரு உன்ன ஏவுனது? சொல்லு!"

கஜலட்சுமி யோசித்தார். "நீங்க டீ குடிச்சீங்களா தம்பி?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சிரித்து முடித்தவர்கள், ஞானேஸ்வரி கைகாட்டிய பின்னறைக்கு ஓடிக் கிழவர்களின் கட்டுகளை அவிழ்த்தார்கள். சாமியார் வெளியே நின்ற தன் வேனுக்கு ஓடினார்.

"அப்ப என்னதான் செய்றது அண்ணி?" என்றாள் நிரோஷினி.

"சனி, ஞாயிறு நீங்க வந்து அம்மாவப் பாருங்க. நான் தூங்கணும். அதுதான் பரிகாரம்."

"புள்ளைங்களுக்கு டியூஷன்..." என்று இழுத்தாள் நிரோஷினி.

"வருவா," என்றான் கிருஷ்ணராஜ், தலை குனிந்தபடி. "மத்த ராத்திரியெல்லாம் நான் முழிச்சிருக்கேன்."

கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடுவது கஜலட்சுமிக்கு வந்த நோய். மூளை நன்றாக இருந்தும் வரிசையில் நின்று ஆமாம் போட்டார்களே, அவர்களுக்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவது?