டைம்கீப்பரின் பெட்டிக்குள் இருந்தவர்கள்

செஞ்சிக் கோட்டையை எத்தனை ராஜாக்கள் ஆண்டார்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் அத்தனை பேரையும் கூட்டினாலும், பஸ் நேரம் குறிக்கும் எங்கள் டைம்கீப்பர் முடிசூட்டிய ராஜாக்களின் எண்ணிக்கைக்குக் கிட்டே வராது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பேருக்கு முடிசூட்டுவார். ராஜாக்களுக்கு ஆறிலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும். மூக்கு ஒழுகும்.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பஸ் கூரைமேல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை. செஞ்சியில் இரண்டு நின்றேன். டைம்கீப்பர் தன்னுடைய தகரக் கொட்டகையில் படுக்க இடம் கொடுத்ததுதான் காரணம். அதில் ஒழுகாத மூலை ஒன்றே ஒன்று. அங்கே பெட்டி இருந்தது. கொஞ்சமாக ஒழுகும் மூலை எனக்கு. நன்றாக ஒழுகும் மூலையில் அவர்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, கழுத்தில் விசில், ஐம்பது வயது. மனைவி மக்கள் உண்டா என்று ஒருமுறை விசாரித்தேன். "திருவண்ணாமலை பஸ் லேட்டு" என்றார். பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி எதுவானாலும் அவருக்கு அந்த ஒரே பதில்தான்.

பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் சாமானெல்லாம் அவரிடம் வந்து சேரும். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் ஸ்பெஷல் பஸ்களிலிருந்து ஒரு ஜவுளிக்கடையே இறங்கும். வேறு ஆளாக இருந்தால் விற்றிருப்பான். இவர் மூன்று மாதம் உடையவருக்காகக் காத்திருப்பார். நாலாம் மாதம் துவைத்து, பிள்ளைகள் அளவுக்குத் தைத்து, பெட்டியில் வைப்பார். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் பின்தெருப் பிள்ளைகள் ஓடிவந்து பெட்டியைத் திறக்கும். ஜரிகை முண்டாசு கட்டினால் ராஜா. காக்கிச் சட்டை போட்டால் போலீஸ். கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடியை மாட்டினால் டாக்டரம்மா.

எந்தத் துணியையும் அவர் கத்தரிக்க மாட்டார். மடித்து மடித்து ஓட்டுத் தையல்தான்.

"ஏண்ணா, வெட்டித் தைச்சா இன்னா? கையெல்லாம் மூட்டை மாதிரி நிக்குது."

"உடையவன் வந்து கேட்டா? நூலை ஒரு இழுப்பு இழுத்தா பழைய அளவுக்கு வந்துடணும்."

"இத்தினி மாசம் கழிச்சு எவன் வருவான்?"

"திருவண்ணாமலை பஸ் லேட்டு."

ஒருவர் வந்தார். கடைத்தெரு மளிகைக்கடைக்காரர். அவருடைய ஜரிகை முண்டாசு அந்த நேரம் ஏழு வயது ராஜா ஒருவரின் தலையில் இருந்தது. ராஜா காலி மண்ணெண்ணெய் டின்மேல் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்.

"யோவ், என் முண்டாசைக் குடுய்யா!"

"ராஜா தர்பார்ல இருக்காரு. கலையட்டும், குடுக்கிறேன்."

"இன்னாய்யா, வெளையாடுறியா?"

"நான் இல்லீங்க. அவங்க."

மளிகைக்காரர் அரைமணி நேரம் நின்றார். தர்பாரில் செருப்போடு நின்ற குற்றத்துக்கு ராஜா அவருக்குப் பத்து கசையடி விதித்தார். போலீஸ் வைக்கோல் பிரியால் நிறைவேற்றினான். பத்தும் வாங்கிக்கொண்டு, "இருக்கட்டும்யா. என்னைவிட அந்தப் பயலுக்கு எடுப்பா இருக்குது" என்று சொல்லிவிட்டு, வெறுந்தலையோடு கடைக்குப் போனார்.

நன்றாக நடந்த இந்த ராஜாங்கத்தை அம்மன் வந்து கவிழ்த்தாள்.

ஒரு மேல்மலையனூர் பஸ்ஸில் மூட்டை ஒன்று கிடந்தது. சிவப்புப் புடவை, தகரக் கிரீடம், தகர நாக்கு, மரச்சூலம். வேண்டிக்கொண்டு அம்மன் வேஷம் போடுகிறவர்களில் சிலர், வேண்டுதல் முடிந்தபின் அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வேண்டுமென்றே வழியில் விட்டுவிடுவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டைம்கீப்பருக்கு மட்டும் அது யாரோ மறந்த சாமான். மூன்று மாதம் காத்திருந்தார், துவைத்தார், தைத்தார். பூக்காரம்மாவின் மகள் எடுத்து உடுத்திக்கொண்டாள். அன்றைக்கென்று அமாவாசை.

அவள் டின்மேல் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் ஒரு கிழவி அதைப் பார்த்துவிட்டுத் தடாலென்று காலில் விழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். பிறகு வரிசை நின்றது. எலுமிச்சம்பழம் வந்தது, தேங்காய் உடைந்தது.

"தாயே, எம் மருமவளுக்குக் கொழந்த எப்போ பொறக்கும்?"

தாய் தகர நாக்கைக் கழற்றினாள். "எனக்குப் பட்டாணி வேணும்."

ரெண்டு படி பட்டாணி வந்தது. பஸ் புறப்படும்போது கண்டக்டர் கூவிக் கூவிப் பார்த்தான். "அம்மாவே இங்க வந்துட்டா, அங்க போயி இன்னாத்துக்கு?" என்று பாதிக் கூட்டம் ஏற மறுத்துவிட்டது. அமாவாசையன்று பாதி காலியாகப் போன மேல்மலையனூர் பஸ் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பூக்காரம்மா ஓடிவந்தாள். "வேண்டுதல் துணிய எம் பொண்ணுக்கு மாட்டிட்டியே, பாவி! நாளைக்கு எதுனா ஆச்சுன்னா நீயா பொறுப்பு?" மறுநாள் பெண்ணுக்கு வயிற்று வலி. ரெண்டு படி பட்டாணி தின்றால் யாருக்கும் வரும். தெரு வேறு மாதிரி முடிவு செய்தது. பிள்ளைகள் வருவது நின்றது.

டைம்கீப்பர் மூட்டையைத் தலையில் சுமந்து மேல்மலையனூருக்கு நடந்தே போனார். கோயிலில் சேர்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார். வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கதவைத் திறந்து கேட்டுவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டார்கள்.

நாலு மணிக்குப் பெட்டியைத் திறப்பார். துணிகளை உதறி வெயிலில் போடுவார். ஆறு மணிக்கு மடித்து வைப்பார். பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராம் நாள் நான் கூரையிலிருந்து இறங்கி வந்தால், தண்ணீர்ப் பானைக்கு ஜரிகை முண்டாசு கட்டியிருந்தது. அவர் எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தார். பானை ஒன்றும் விதிக்கவில்லை.

நான் பல ஊரில் தனியாக இருந்தவன். எனக்கு அது பசி மாதிரி, வரும் போகும். அவருக்கு அது பழகவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே முண்டாசைக் கட்டினேன். யாரோ விட்டுப்போன மாப்பிள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு டின்மேல் உட்கார்ந்தேன். தையல் முதுகில் விட்டுப்போயிற்று. பஸ் ஸ்டாண்டே கூடி நின்று சிரித்தது.

"ராஜாவே, விழுப்புரம் பஸ் எப்போ?"

"மகாராணி வல்லத்துல காத்துனு இருக்காங்களா?"

உச்சி வெயில் போய், பொழுது சாயும் நேரத்தில் பஸ் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ராஜா மாதிரியே இல்ல. கழுத்தப் பாரு, அழுக்கு!" பூக்காரம்மாவின் மகள்.

"அப்போ நீயே ராஜாவா இரு" என்றேன்.

அவள் டைம்கீப்பரைப் பார்த்தாள். "பொம்பள ராஜா உண்டா?"

அவர் என் தலையிலிருந்து முண்டாசை எடுத்தார். "செஞ்சியில உண்டு."

மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பதினோரு பேர்.

அந்தத் தை மாதம் நான் கிளம்பிவிட்டேன். சொல்லிக்கொண்டு கிளம்பும் பழக்கம் எனக்கு இல்லை. கொடியில் காய்ந்த கட்டம் போட்ட சட்டையை மறந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு மத்தியானம், போய்ச்சேரும் இடம் சரியாகத் தெரியாத ஒரு பஸ்ஸில் அந்த வழியாக வந்தேன். டீ குடிக்க இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைக்குப் பின்னால் பிள்ளைகள் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் என் கட்டம் போட்ட சட்டையில், தோளில் ஒரு மூட்டையோடு, வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தான்.

"வந்துட்டியா?" என்றார் டைம்கீப்பர்.

"வந்துட்டேன்ணா."

"சாப்டியா?"

"இன்னும் இல்லணா."

"சரி, போயி மறுபடியும் வா."

பையன் மரத்துக்குப் பின்னால் போய் மறுபடியும் வந்தான். மறுபடியும் அதே கேள்வி. நான் பார்க்கவே மூன்று தடவை ஊர் திரும்பினேன். மூன்று வருடத்தில் எத்தனை தடவை திரும்பியிருப்பேனோ.

அப்புறம் அவர் என்னைப் பார்த்தார். பையனைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றினார். நூல் முனையைத் தேடிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கை நீண்டது, தோள் அகன்றது. சட்டை பழைய அளவுக்கு வந்துவிட்டது. என்னிடம் நீட்டினார்.

"எங்கடா போய்ட்ட?"

"திருவண்ணாமலை பஸ் லேட்டுணா."

பையன் அழ ஆரம்பித்தான். "அப்போ நான் இன்னா வேஷம் போடுறது?"

அன்றைக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன், கொஞ்சமாக ஒழுகும் மூலையில் தூங்கினேன். காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அதை மடித்துப் பெட்டிமேல் வைத்தேன். நாலு மணிக்கு நான் செஞ்சிக்கு வந்தாக வேண்டுமே.