பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

எனக்கு எழுத வராது. இதை இப்போது வெட்கமில்லாமல் சொல்வேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் மூன்று கண்டங்களில் இருக்கிற சொந்தக்காரர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

அப்போது கனடாவில், பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை. பக்கத்து மேசையில் தேவி. (பெயரைக் கேட்டு முதல் நாளே தமிழில் சுகம் விசாரித்துவிட்டேன். அவள் இந்தோனேசியக்காரி, மலாங் ஊர்.) தேவி ஒரு வலைப்பூ எழுதினாள். வெளிநாட்டில் இருக்கிற அவள் நாட்டுக்காரர் பலர் அப்படி எழுதுவார்களாம்: பனியில் வழுக்கி விழுந்தது, நல்ல மிளகாய் கிடைத்த கடை, எல்லாம். ஊரில் அவளுடைய அம்மா அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாராம்.

"நீ வீட்டுக்குக் கடைசியாக எப்போது பேசினாய்?" என்று கேட்டாள். நான் ஸ்கானரைத் துடைத்தேன். நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற அம்மா யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில் தனியாக இருக்கிறா. நானோ வேலை வேலை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரோசம் வந்துவிட்டது. நானும் எழுதுகிறேன், அம்மா தினமும் வாசிக்கட்டும். முதல் பதிவு என்னைப் பற்றிய அறிமுகம். ஆனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் வாசித்த எழுத்துத் தமிழ் ஒன்றே ஒன்றுதான். குடும்ப வாட்ஸப் குழுவில் கிழமைக்கு இரண்டு தடவையாவது வரும். கை அதையே எழுதியது: "சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும், கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட நடராசா குகநேசன் அவர்கள்..." மேலே கோட் போட்டு, சிரிக்காமல் எடுத்த படம். வேலை தொடங்குமுன் இணைப்பைக் குழுவில் போட்டுவிட்டு, போனை லொக்கரில் வைத்துப் பூட்டினேன்.

பத்து மணி இடைவேளையில் திறந்தால் அறுபத்தெட்டு தவறிய அழைப்புகள். எங்கள் ஆட்கள் இத்தனை தரம் எடுப்பது ஒரே விஷயத்துக்குத்தான். குழுவைத் திறந்தேன். கும்பிட்ட கைகள், "ஆழ்ந்த அனுதாபங்கள்", திரும்பவும் கும்பிட்ட கைகள். யாருக்கு என்று மேலே தள்ளிப் பார்க்கப் பயம். அம்மாவின் போன் பிஸி. லண்டன் பெரியம்மா எடுத்தா. "ஹலோ பெரியம்மா" என்றதுதான் தாமதம், வீரிட்டுக் கத்தி போனைக் கீழே போட்டுவிட்டா.

அவ்வளவுதான், அம்மா போய்விட்டா என்று முடிவுகட்டினேன். வீட்டில் கொண்டுபோய் விடத் தேவி தன் காரில் ஏற்றினாள். கடைசியாக அம்மா அழைத்தபோது "பிறகு எடுக்கிறன்" என்று வெட்டியது நினைவு வந்தது. தெரிந்த கோயிலுக்கெல்லாம் நேர்ந்தேன். தேவியும் தன் பங்குக்கு ஏதோ ஓதினாள்.

ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் நான் குடியிருந்த பேஸ்மன்ற் வீட்டு வாசலில் ஐந்தாறு பேர். வீட்டுக்கார மலர் அன்ரி போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தா. என்னைக் கண்டதும் அப்படியே படியில் குந்திவிட்டா.

"அன்ரி, அம்மா எப்ப போனவ?"

"அம்மா எங்கை போனவ? நீர் எல்லோ தம்பி போனது. உம்மட மரண அறிவித்தல் உலகம் முழுக்கச் சுத்துது."

"அது நான் என்னைப் பற்றி எழுதினது, அன்ரி."

"உயிரோட இருக்கிற ஆரப்பா பிறப்பிடம், வதிவிடம் எண்டு எழுதுறது? உம்மோட வேலை செய்யிற ஆரோ உம்மட போனை எடுத்து அதில போட்டிருக்கினம் எண்டெல்லோ நினைச்சம்."

(குழுவில் வெளியே தெரிந்த படத்தையும் முதல் வரியையும் பார்த்ததோடு சரி, இணைப்பை ஒருவரும் திறக்கவில்லை. திறந்திருந்தால், "இன்று முதல் எழுதத் தொடங்குகிறார்" என்று இரண்டாம் வரியில் இருந்தது.)

அன்ரியின் போனில் மறுபக்கம் இருந்தது அம்மா. வாங்கி, "அம்மா, நான்தான்" என்றேன். மறுபக்கம் மூச்சு வாங்கியது. அந்த நெஞ்சு தாங்குமா என்று எனக்கு உயிர் போய் வந்தது.

"பதினெட்டு நாள்," என்றா அம்மா. "உன்ர குரலைக் கேட்டு எத்தினை நாள் எண்டு எண்ணிக்கொண்டு இருந்தனான், மோனை."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். வாசலில் நின்றவர்களும், வந்ததற்கு அழுதுவிட்டே போனார்கள்.

தேவி இதைத் தன் வலைப்பூவில் எழுதினாள். "செத்துப்போன அந்தத் தம்பி சுகமா?" என்று மலாங்கில் அவளுடைய அம்மா இன்றும் கேட்கிறாராம். என் வலைப்பூ அந்த ஒரு பதிவோடு நின்றது. அம்மாவுக்கு வாசிக்க ஒன்றும் வேண்டாமாம். தினமும் வேலைக்குப் போகுமுன் நான் அவவுக்குப் போன் எடுக்க வேண்டும். அவ கேட்பது ஒன்றுதான்: "என்ன, வதிவிடத்திலதான் இருக்கிறியோ?" ஓம் என்றதும் வைத்துவிடுவா. ஐந்து நிமிடம் பிந்தினால், மலர் அன்ரி வந்து கதவைத் தட்டுவா.