கமான் அண்ணாச்சியும் நாற்பத்தோரு குலுக்கும்

மும்பையில் சாலைப் பள்ளங்களுக்குப் பெயர் வைத்திருக்கும் ஒரே மனிதர் கமான் அண்ணாச்சிதான். தாராவியிலிருந்து மாட்டுங்கா போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு நேரடிப் பழக்கம். சயான் சிக்னலுக்கு முன்னால் இருப்பது ‘மாமியார்’. சும்மா இருப்பதுபோல் இருந்து தூக்கிப்போடும். அதைத் தாண்டினால் ‘பென்ஷன்காரர்’. எத்தனை முறை மூடினாலும் மழை வந்ததும் தவறாமல் வந்து நிற்பார்.

இந்தப் பள்ளங்களை வெல்வதற்காக நான்கு வாரங்களில் அவர் தன் பழைய டீசல் பிக்கப் வண்டிக்குச் செய்தவற்றை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் மேலே ஒன்பது ஒன்பது இரும்புப் பட்டைகள் அடுக்கியிருந்தன. பக்கத்துக்கு நான்கைக் கழற்றினார். வண்டி பின்னால் உட்கார்ந்துகொள்ள, முகப்பு விளக்குகள் வானத்தைப் பார்த்தன.

2. பக்கத்துக்கு ஒன்றைத் திரும்பப் போட்டார். டயர் மட்கார்டில் உரசியது. வண்டியில் இருந்த இட்லி மாவு, ரப்பர் கருகும் வாசனையோடு ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது.

3. எல்லாப் பட்டைகளையும் பழையபடி பூட்டிவிட்டு, வீட்டு மெத்தையை வண்டிக்குள் விரித்து அதன்மேல் மாவு டிரம்களை வைத்தார். மெத்தையில் மாவு சிந்தியது. இரண்டாம் நாள் மெத்தை பொங்கியது.

4. மெத்தைக்குப் பதில் காற்றடித்த லாரி டியூப்களை வைத்தார். முதல் திருப்பத்திலேயே இரண்டு டிரம்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன.

5. எடைக்காக ஆட்களை ஏற்றினார். டிராஃபிக் போலீஸ் ஹவல்தார் நிறுத்தினார்.

6. என்னிடம் வந்தார்.

ஆறாவதாக வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. நான் ஆட்டோமொபைல் இஞ்சினியரிங் படித்தவள். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளின் குலுக்கலை அளப்பதுதான் என் வேலை. குடியிருந்ததும் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில். ஆனால் அண்ணாச்சியின் கணக்கில் நான் ‘கம்ப்யூட்டர்ல காடி ஓட்டுத பிள்ள’. மெத்தைக்குப் பிறகுதான் கம்ப்யூட்டர்.

அண்ணாச்சிக்குத் தொழில் இட்லி மாவு. தாராவியில் ஒரு சின்னக் கடை, இரண்டு பெரிய கிரைண்டர்கள், அரைக்க இரண்டு பெண்கள். முதல் நாள் அரைத்த மாவு பொங்கி நிற்க, விடிந்ததும் டிரம்களில் ஏற்றிக்கொண்டு போய் ஹோட்டல்களுக்குப் போடுவார். பல வருடங்கள் வாடகை டெம்போவில் போய்க்கொண்டிருந்தது. சென்ற வருடம்தான் சொந்தமாக இந்தப் பிக்கப்பை வாங்கினார். அவருடைய இரண்டு மகன்களைவிட வண்டிக்கு வயது அதிகம் என்பதால் அதற்கு ‘மூத்தவ’ என்று பெயர்.

மூத்தவளுக்குப் பூர்வாசிரமத்தில் கம்பியும் சிமெண்டும் சுமந்து பழக்கம். வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் வில் போன்ற பட்டை அடுக்குக்கு இங்கே ‘கமான்’ என்று பெயர். பழைய முதலாளி அதிக பாரம் ஏற்றுவதற்காகக் கமானில் கூடுதல் பட்டைகளைச் சொருகி வைத்திருந்தார். மும்பையில் எல்லோரும் செய்வதுதான். அப்படிப்பட்ட வண்டியில் ஆறு டிரம் மாவை மட்டும் ஏற்றினால் அதற்கு ஏதோ பாரம் இருப்பதே தெரியாது. பள்ளத்தில் விழுந்தால் கல்லைப் போலக் குதிக்கும். பொங்கிய மாவைக் குலுக்கினால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய் மாவு அடங்கிவிடும். அடங்கிய மாவில் இட்லி எழும்பாது.

இதை முதலில் சொன்னவர் மாட்டுங்காவில் ஹோட்டல் வைத்திருந்த மாமா. எல்லோருக்கும் அவர் மாமாதான்.

“என்ன ஓய் இது? தட்டுல இட்லின்னு வெக்கறேன். கஸ்டமர், நான் தோசை கேக்கலையேங்கறான்.”

“மாவுல கொற இல்ல மாமா. காடி தூக்கிப்போடுது.”

“காடியோ பீடியோ. இன்னும் நாலு ஞாயித்துக்கிழமை பாப்பேன். அதுக்குள்ள இட்லி எழுந்திருக்கலேன்னா நானே கிரைண்டர் வாங்கிப் போட்டுப்பேன்.”

அண்ணாச்சி அரைக்கும் மாவில் பாதி மாமாவுக்குத்தான் போனது. அந்த ஆர்டர் போனால் ஒரு கிரைண்டரை நிறுத்த வேண்டும். அதில் அரைக்கும் பெண்ணையும் நிறுத்த வேண்டும். அவள் அண்ணாச்சி கடையில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடம். அண்ணாச்சி நேராகப் போய் ஸ்பேனரை எடுத்தார். அன்றிலிருந்துதான் அவர் கமான் அண்ணாச்சி. அதற்கு முன்னால் வெறும் மாவு அண்ணாச்சி.

பொங்காத மாவைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஹோட்டலிலேயே பொங்க வைத்தால் என்ன என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

“மாமா அடுப்படிய நீ பாத்திருக்கியா தாயி? மாஸ்டர் தும்முனா செவுத்துல மூக்கு இடிக்கும். அங்கன வச்சு மாவு எங்க பொங்க?”

குலுக்கலை அளப்பதற்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது. அவர் மனைவி பேச்சியம்மா. எனக்கு மதினி. வண்டியின் பின்னால் டிரம்களுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு குலுக்குக்கும் டிரம் மூடியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். மாட்டுங்கா போய்ச் சேர்ந்ததும் அண்ணாச்சி இறங்கி வந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

“எத்தன குலுக்கு?”

“நாப்பத்தொண்ணு.”

“பெருசு எத்தன?”

“பெருசுக்குக் கோடு போடல. சாக்பீஸ எங்கனயோ போட்டுட்டேன். நானே கீழதான கெடந்தேன்.”

இப்படி இரண்டு ஞாயிறுகள் போயின. மூன்றாம் வாரம் நடந்ததற்கு நானும் பொறுப்பு. ஒருநாள் காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில், “ஒங்க வண்டிக்கு வெயிட் போதல அண்ணாச்சி. பாரம் ஏத்துனா தூக்கிப்போடாது” என்று சொல்லிவிட்டுப் போனேன். தொழில்நுட்ப ரீதியில் அது சரியான வாக்கியம். ஆனால் கேட்டவர் யார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு காலையில் தெருவில் கனமான ஆட்களாகப் பார்த்து ஒன்பது பேரைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார். காபி இலவசம் என்று சொல்லியிருந்தார். ஒருவர் சுனாபட்டியில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியவர். வழியில் இறங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு அண்ணாச்சி, “அதெப்படி நீரு பாதியில எறங்குவேரு? பேலன்ஸ் போயிராது?” என்று சண்டைக்குப் போனாராம்.

சயான் சிக்னலில் ஹவல்தார் கை காட்டினார். பின்னால் என்ன சரக்கு என்று இந்தியில் கேட்டார்.

“இட்லி கா மாவு, சாப்.”

“அவுர் யே லோக்?”

அண்ணாச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “யே லோக் வஜன் ஹை, சாப்.”

இவர்கள் எல்லாம் எடை. அவருடைய சர்வீஸில் எத்தனையோ பொய் கேட்டிருப்பார் அந்த ஹவல்தார். உண்மையை அப்படியே சொன்னால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது பேரையும் விரல் விட்டு எண்ணினார். பிறகு எல்லோரையும் இறக்கிவிட்டார். மாவோடு வந்த பொம்பளை என்று மதினியை மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்கும் குலுக்கு நாற்பதைத் தாண்டியது. எடைகள் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்தே போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பின.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“தாயி, இன்னும் ஒரு ஞாயிறுதான் இருக்கு. நீ ஆபீஸ்ல செய்யுததை நம்ம மூத்தவளுக்குச் செய்யேன்.”

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். குலுக்கலை அடக்க வேண்டிய ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. பேருக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே இரும்புக் கட்டியாக நின்றன. செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். பக்கத்துக்கு இரண்டு பட்டைகளை எடுக்க வேண்டும். மற்றவற்றின் துருவைச் சுரண்டிக் கிரீஸ் பூச வேண்டும். ஷாக் அப்சார்பர் இரண்டும் புதிது. பின்டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

“ரெண்டு பட்டையா? மூணு எடுப்போமே.”

“ரெண்டுதான்.”

“ஒண்ணு கூட எடுத்தா இன்னும் மெத்துன்னு இருக்கும்லா?”

“நாலு எடுத்தீங்களே, என்னாச்சு?”

“அது அன்னைக்கு.”

“ரெண்டுதான் அண்ணாச்சி. இல்லன்னா நான் வரல.”

உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது. “அந்தப் பிள்ள சொல்லுதபடி செய்யுங்க. ஒங்க பேச்சக் கேட்டு மெத்தையும் போச்சு, முதுகும் போச்சு.”

செம்பூரில் ஒரு கராஜில் ஒரு நாள் முழுக்க வேலை நடந்தது. அண்ணாச்சி அங்கிருந்து நகரவே இல்லை. ஒவ்வொரு பட்டையும் கழன்று வரும்போது, பல் பிடுங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் தகப்பனைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் ஞாயிறு. நான் டிரம்மில் என் போனை டேப் போட்டு ஒட்டினேன். அதில் அதிர்வை எண்ணும் செயலி இருந்தது. மதினி சாக்பீஸோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியார் வந்தது தெரியவில்லை. பென்ஷன்காரர் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். மாட்டுங்காவில் இறங்கியதும் போன் பதினைந்து என்றது. மதினி பதினாலு என்றாள்.

“அந்த ஒண்ணு பேச்சி தும்முனது. எனக்கு முன்சீட்டுலயே கேட்டுச்சு” என்றார் அண்ணாச்சி.

டிரம்மைத் திறந்து பார்த்தோம். மாவு பொங்கியபடியே, விளிம்பு வரை, குமிழ் குமிழாக நின்றது. மதினி மூடியை மெதுவாக மூடினாள். தூங்கும் பிள்ளையின் மேல் போர்வையை இழுத்துவிடுவது போல இருந்தது.

அரை மணி நேரம் கழித்து முதல் ஈடு வந்தது. தட்டை.

இரண்டாவது ஈடும் தட்டை. மாமா கல்லாவிலிருந்து எழுந்து வந்து ஓர் இட்லியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வைத்துவிட்டார்.

“போறும் அண்ணாச்சி. நீர் ஒம்மால முடிஞ்சதைப் பண்ணிட்டீர்.”

அண்ணாச்சி வெளியே போய் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் கமானையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனரை எடுக்காமல் அவர் கமானைப் பார்த்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்து அதுவே முதல் முறை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டியில் தவறு இல்லை. மாவில் தவறு இல்லை. அப்படியானால் டிரம் இறங்கிய பிறகு என்ன நடக்கிறது? தொழிற்சாலையில் இப்படித்தான் ஒவ்வொரு படியாகப் போவோம். மதினியையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். மாஸ்டர் பத்து வருடமாக அங்கே இருப்பவர். மூன்றாம் ஈடுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். டிரம்மைத் திறந்தார். ஈரத்துணியால் கையைத் துடைத்தார். முழங்கை வரை மாவுக்குள் விட்டு, தண்ணீர் சேந்துவதுபோல நாலு பக்கமும் அடித்துக் கலக்க ஆரம்பித்தார்.

மதினி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

“என்னய்யா செய்யுத?”

“அடிக்கறேன்மா. அடங்கின மாவாச்சே, அடிச்சாத்தான் காத்து ஏறும்.”

“அது என்னைக்கு அடங்குன மாவு?”

“போன வருஷத்துலேர்ந்து அப்படித்தானே வரது. அதுலேர்ந்து அடிச்சுத்தான் ஊத்தறேன்.”

“நாலு வாரமா இடுப்பொடிய ஒக்காந்து, அலுங்காமக் குலுங்காமக் கொண்டாந்து எறக்கியிருக்கேன். நீ என்னத்துக்குய்யா அத மோரு கடையுத மாதிரி கடையுத? கைய எடு.”

மாஸ்டர் கையை எடுத்தார். தொடாத டிரம்மிலிருந்து மதினியே கரண்டியால் மேலாக மொண்டு தட்டுகளில் ஊற்றினாள். வெந்ததும் இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறக்கும்போது மாமாவும் அங்கே வந்து நின்றுவிட்டார். உண்மையிலேயே அந்தச் சமையலறையில் நான்கு பேர் நிற்க இடமில்லை.

இட்லிகள் குழியை விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தன. மாமா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று.

“நாளைக்கு ஒரு டிரம் சேத்துக் கொண்டு வரச் சொல்லும்மா.”

நான் வெளியே ஓடிப்போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி எழுந்து மூத்தவளின் மட்கார்டைத் தட்டினார். “ஒன்னையப் போய்ச் சந்தேகப்பட்டுட்டாங்க” என்றார். சந்தேகப்பட்டவர் யார் என்று நான் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

“ஆனாலும் தாயி, பதினாலு ஜாஸ்திதான். இன்னும் ஒரு பட்டைய எடுத்தா என்ன?”

இதெல்லாம் நடந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. போன மாதம் நாங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கல்யாணுக்குக் குடிவந்தோம். சாமான்களை வேறு வண்டியில் ஏற்ற அண்ணாச்சி விடவில்லை. அம்மாவின் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு நடுவே, மதினியின் முக்காலியில் நான் உட்கார்ந்து வந்தேன். மதினி ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். கல்யாண் சாலையில் அண்ணாச்சிக்குப் பெயர் தெரியாத பள்ளங்கள் நிறைய.

புது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, பின்பக்கக் கதவைத் திறந்தார்.

“எத்தன குலுக்கு?”

அட்டைப் பெட்டியின் மேல் நான் இருபத்து மூன்று கோடுகள் போட்டிருந்தேன். அதன்மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டேன்.

“ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி.”

மூத்தவளின் கமானில் இப்போதும் பக்கத்துக்கு ஏழு பட்டைகள். வண்டியில் ஆறுக்குப் பதில் ஏழு டிரம் போகிறது. இரண்டு கிரைண்டர்களும் ஓடுகின்றன. ‘ஒண்ணுகூட இல்ல’ என்று நான் கொடுத்த அந்தக் கணக்கை இதுவரை திருத்தவில்லை. திருத்தினால் ஏழு பட்டை ஆறாகிவிடும்.